அந்தப் பக்கம் உதைக்காதே!

மயாமி, 2007 பிப்ரவரி 4. மழை விடவில்லை. அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பாலின் இறுதிப் போட்டியான 41-வது சூப்பர் பவுலின் முதல் உதை. இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியின் ஆடம் வினாட்டியெரி உதைத்த பந்து உயரே போய், சிகாகோ பேர்ஸ் அணியின் எட்டாவது யார்டு கோட்டருகே நின்றிருந்த 24 வயது டெவின் ஹெஸ்டரின் கையில் இறங்கியது. நாலு எட்டு நிதானமாக வைத்தார். முன்னால் ஒரு சந்து திறந்தது. அதில் நுழைந்தவரை அப்புறம் யாராலும் தொட முடியவில்லை. 92 யார்டு, 14 விநாடி, டச்டவுன். சூப்பர் பவுலின் தொடக்க உதையே இப்படித் திரும்பி வந்து புள்ளியானது அதுதான் முதல் தடவை. டிக்கெட் வாங்கி வந்த பலர் இன்னும் இருக்கையில் உட்கார்ந்திருக்கவில்லை.

அந்த ஆட்டத்தில் சிகாகோ தோற்றது. 29-17.

அதற்கு 27 நாட்களுக்கு முன் அரிசோனாவில் கல்லூரி அணிகளுக்கான தேசிய இறுதிப் போட்டி. அங்கேயும் முதல் உதை. ஒஹையோ ஸ்டேட் அணியின் டெட் கின் ஜூனியர் 93 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். சந்தோஷத்தில் சக வீரர்கள் அவர்மேல் விழுந்து குவிந்தார்கள். அந்தக் குவியலில் அவருடைய பாதத்தில் அடிபட்டது. ஆட்டத்தைத் தொடர முடியவில்லை. ஒஹையோ ஸ்டேட் 41-14 என்று ஃப்ளோரிடாவிடம் தோற்றது.

ஒரே மாதத்துக்குள் இரண்டு இறுதிப் போட்டிகள். இரண்டிலும் முதல் உதையே டச்டவுன், இரண்டிலும் அந்த அணிக்கே தோல்வி. நான் இந்த விளையாட்டைப் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து மனதைவிட்டுப் போகாத கேள்வி இங்கேதான் பிறக்கிறது. மைதானத்தின் எந்த மூலையில் பந்து கிடைத்தாலும் புள்ளியாக்கக்கூடிய ஒருவர் உங்கள் அணியில் இருக்கிறார். அவரை எப்படிப் பயன்படுத்துவது?

‘அடிக்கடி பந்தைக் கொடு’ என்பதுதான் எல்லோரும் சட்டென்று சொல்லும் பதில். அது பாதி பதில்கூட இல்லை என்பது என் கட்சி.

பந்து வருகிற விதம்

அமெரிக்க ஃபுட்பாலில் பரிச்சயம் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். மைதானம் 100 யார்டு நீளம். இரு முனையிலும் பத்துப் பத்து யார்டில் எண்ட் ஸோன். பந்தோடு எதிராளியின் எண்ட் ஸோனுக்குள் நுழைந்தால் டச்டவுன், ஆறு புள்ளி. தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. இந்தப் பத்துப் பத்தாக நகர்வதுதான் ஆட்டத்தின் பெரும்பகுதி. ஒவ்வொரு பத்து யார்டுக்கும் ரத்தமும் வியர்வையும் சிந்த வேண்டும்.

எதிரணி பந்தை உதைத்து ஒப்படைக்கும் தருணங்கள் முக்கியமாக இரண்டு. ஆட்டத்தின் தொடக்கத்திலும், இடைவேளைக்குப் பிறகும், யாராவது புள்ளி எடுத்த பிறகும் உதைப்பது கிக்காஃப். நான்காவது வாய்ப்பில், ‘இதற்குமேல் நம்மால் ஆகாது’ என்று பந்தைத் தூரமாக அனுப்பிவிடுவது பன்ட். இந்த உதைகளைப் பிடித்துத் திரும்ப ஓடி வருபவர்தான் ரிட்டர்னர்.

கிக்காஃபும் பன்ட்டும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் வேலை வேறு. பழைய கிக்காஃபில் ரிட்டர்னருக்குக் கண்ணெதிரே இடம் நிறைய இருக்கும். பந்தைப் பிடித்து, வேகமெடுத்து, தடுப்பாளர்கள் திறந்துவைக்கும் சந்தில் தயங்காமல் நுழைய வேண்டும். பன்ட் அப்படியல்ல. பந்து நாலு, நாலரை விநாடி வானத்தில் தொங்கும். அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறவரை நோக்கி இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் முழு வேகத்தில் ஓடி வந்துகொண்டிருப்பார்கள். காலடிச் சத்தம் கேட்கும், ஆளைப் பார்க்க முடியாது. கையை உயர்த்தி அசைத்தால் ஃபேர் கேட்ச்: யாரும் தொடக்கூடாது, ஆனால் ஓடவும் முடியாது. அசைக்கலாமா, துணியலாமா? பந்து இறங்குவதற்குள் முடிவெடுக்க வேண்டும். இரண்டிலும் கெட்டிக்காரராக இருப்பவர்கள் அபூர்வம்.

ஹெஸ்டர் இரண்டிலும் கெட்டிக்காரர்.

ஒரே பருவத்தில் ஆறு

ஃப்ளோரிடாவின் ரிவியெரா பீச் அவருடைய ஊர். மயாமி பல்கலைக்கழகத்தில் தாக்குதல், தடுப்பு, உதைப்பிரிவு என்று மூன்றிலும் ஆடியவர். எந்த இடத்திலும் நிலைகொள்ளாததால், 2006-ல் பேர்ஸ் அணி இரண்டாவது சுற்றில், 57-வது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தபோது புருவம் உயர்த்தியவர்கள் உண்டு. உதையைத் திருப்புவதற்காக மட்டும் ஒருவரை இரண்டாவது சுற்றில் எடுப்பார்களா என்பது அவர்கள் கேள்வி.

முதல் ஆட்டத்திலேயே பதில் வந்தது. கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு எதிராக 84 யார்டு பன்ட் ரிட்டர்ன், டச்டவுன். அக்டோபர் 16-ல் அரிசோனா கார்டினல்ஸ் ஆட்டம். இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். இடைவேளையில் பேர்ஸ் 20-0 என்று பின்தங்கியிருந்தது. தாக்குதலை நடத்தும் அவர்களுடைய குவார்ட்டர்பேக் ரெக்ஸ் கிராஸ்மன் அன்று ஆறு முறை பந்தை எதிரணியிடம் இழந்தார். தாக்குதல் பிரிவு ஒரு டச்டவுன்கூடப் போடவில்லை. தடுப்புப் பிரிவு எதிரணி தவறவிட்ட பந்துகளைப் பொறுக்கி இரண்டு டச்டவுன் போட்டது. கடைசி மூன்று நிமிடத்துக்குள் ஹெஸ்டர் ஒரு பன்ட்டைப் பிடித்து 83 யார்டு ஓடினார். 24-23. ஆட்டம் முடிந்ததும் கார்டினல்ஸ் கோச் டென்னிஸ் கிரீன் செய்தியாளர்கள் முன் வெடித்தது அமெரிக்காவில் இன்றும் பேசப்படும் காட்சி.

நவம்பரில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுக்கப் பார்த்த ஃபீல்ட் கோல் முயற்சி குறுகி விழுந்தது. எண்ட் ஸோனுக்குள் அதைப் பிடித்த ஹெஸ்டர், ஆட்டம் நின்றுவிட்டதுபோல இரண்டு எட்டு சாதாரணமாக நடந்தார். எதிரணியினர் தளர்ந்த கணத்தில் பாய்ந்தார். 108 யார்டு. முந்தைய ஆண்டு அதே அணியின் நேத்தன் வாஷர் வைத்திருந்த சாதனைக்குச் சமம். டிசம்பரில் செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு எதிராக ஒரே இரவில் இரண்டு கிக்காஃப் டச்டவுன், 94 யார்டும் 96 யார்டும். மொத்தம் ஆறு. ஒரே பருவத்தில் அதுவரை யாரும் இத்தனை போட்டதில்லை. அதன்பிறகுதான் அந்த மயாமி மழை.

பயம் என்னும் பலன்

பாம்பென்றால் படையும் நடுங்கும். ஹெஸ்டரின் உண்மையான மதிப்பு அந்த நடுக்கத்தில்தான் இருந்தது.

2006-ல் கிக்காஃபைப் பிடித்து எண்ட் ஸோனிலேயே மண்டியிட்டால் 20-வது யார்டிலிருந்து ஆட்டம் தொடங்கும். உதைத்த பந்து நேரே பக்கக் கோட்டுக்கு வெளியே போனால் 40-வது யார்டிலிருந்து. எதிரணி பயந்து குட்டையாக உதைத்தாலும் ஏறக்குறைய 35, 40-ல் பந்து கிடைக்கும். ஓர் ஆட்டத்தில் நான்கு முறை இப்படிப் பதினைந்து பதினைந்து யார்டு சும்மா கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 60 யார்டு. ஓர் அடியும் வாங்காமல், ரிட்டர்னர் பந்தைத் தொடாமல் கிடைத்த 60 யார்டு. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். நல்ல ரிட்டர்னரும் அப்படித்தான். அவரிடம் உதைத்தாலும் லாபம், உதைக்காவிட்டாலும் லாபம்.

‘நாங்கள் பயப்படமாட்டோம்’ என்று மார்தட்டியவர்களின் கதையும் இருக்கிறது. 1989 செப்டம்பரில், அன்றைய முதலிடத்து நாட்டர் டேம் அணி இரண்டாமிடத்து மிஷிகன் அணியை ஆன் ஆர்பரில் சந்தித்தது. இடைவேளைக்குப் பிந்தைய முதல் உதையை நாட்டர் டேமின் ராகெட் இஸ்மாயில் 88 யார்டு ஓடி டச்டவுன் ஆக்கினார். மிஷிகன் கோச் போ ஷெம்பெக்லர் பழுத்த அனுபவசாலி. ஆனாலும் நாலாவது கால்பகுதியில் மறுபடி அதே ஆளிடம் பந்து போனது. 92 யார்டு. நாட்டர் டேம் 24-19 என்று வென்றது.

ஷெம்பெக்லரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் ஆட்களை நம்புவது கோச்சின் இயல்பு. 2007 சூப்பர் பவுலுக்கு முன் கோல்ட்ஸ் கோச் டோனி டங்கியும் இதே குழப்பத்தில் இருந்தார். கடைசியில், ஒதுங்கிப் போவதில்லை, ஹெஸ்டரிடமே உதைத்து அவரை அடக்குவோம் என்று வீரர்களிடம் சொன்னார். 14 விநாடியில் அந்தத் தீர்மானம் கரைந்தது. டங்கியின் அருமை அடுத்ததில் தெரிகிறது. ரோஷம் பார்க்காமல் அங்கேயே மாற்றிக்கொண்டார். அதன்பிறகு கோல்ட்ஸ் உதைகள் குட்டையாகவும் தரையோடு தரையாகவும் போயின.

என் வாதத்தின் மையம் இங்கேதான். கோல்ட்ஸ் முதல் டச்டவுன் போட்டுவிட்டு உதைத்த பந்து ஹெஸ்டருக்குப் போகவில்லை. முன்வரிசைக்கும் அவருக்கும் நடுவே நின்ற டைட் எண்ட் கேப் ரீடிடம் போனது. அவர் பந்தோடு ஓடும்போது அடிபட்டுப் பந்தைத் தவறவிட்டார், கோல்ட்ஸ் கைப்பற்றியது. அடுத்த முயற்சியிலேயே கோல்ட்ஸும் பந்தைத் தவறவிட்டு பேர்ஸுக்கே திருப்பிக் கொடுத்ததால் பெரிய சேதம் இல்லை. ஆனால் பாடம் அங்கே கிடக்கிறது. ஹெஸ்டர் மீதான பயம் பந்தை வேறு ஒருவரிடம் திருப்பி அனுப்பியது. அந்த வேறு ஒருவர், தடுப்பதற்காக நிறுத்தப்பட்டவர். மழை ஈரத்தில், வழுக்கும் பந்தோடு கூட்டத்துக்குள் ஓடும் வேலை அவருடையது அல்ல.

பெரிய ரிட்டர்னர் ஓர் அணிக்குக் கிடைத்தால் கோச் முதலில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது அவரைப் பற்றியல்ல, அவருக்கு முன்னால் நிற்கும் ஆட்களைப் பற்றி. பந்து அங்கேதான் வரப்போகிறது. தடுக்கத் தெரிந்த, அதே சமயம் பந்தைப் பத்திரமாகப் பிடித்து பத்து யார்டு நேராக ஓடத் தெரிந்த இரண்டு மூன்று பேர் அங்கே வேண்டும். இல்லையென்றால் எதிரணியின் பயம் உங்களுக்கு யார்டாக மாறாது, ஆபத்தாக மாறும்.

ஒதுக்கி உதைப்பதும் எளிதல்ல. 2010 டிசம்பர் 19 ஆட்டத்தை மறக்க முடியுமா? ஜயன்ட்ஸ் 31-10 என்று முன்னிலையில் இருந்த ஆட்டம் கடைசி எட்டு நிமிடத்தில் 31-31 ஆனது. 14 விநாடி மிச்சம். ஜயன்ட்ஸ் பன்ட் செய்ய வேண்டும். எதிரே நிற்பது ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் டிஷான் ஜாக்சன். கோச் டாம் காஃப்லின் கொடுத்த கட்டளை, பந்தைக் கோட்டுக்கு வெளியே உதைத்துவிடு. அந்த ஆண்டுதான் அணிக்கு வந்த மேட் டாட்ஜ் உதைத்த பந்து தாழ்வாக, நேராக, நடு மைதானத்துக்கே போனது. ஜாக்சன் முதலில் அதைத் தவறவிட்டார். குனிந்து எடுத்தார். அந்தத் தடுமாற்றத்தில் ஓடி வந்தவர்களின் கணக்கு குலைந்தது. 65 யார்டு. எண்ட் ஸோன் கோட்டுக்கு முன் குறுக்கே ஓடி, கடிகாரம் சுழியாகும்வரை காத்திருந்து உள்ளே நுழைந்தார். 38-31. ஒதுக்கி உதைக்க நினைக்கும் காலும் நடுங்கத்தான் செய்யும்.

இன்னொரு வேலைக்கு மாற்றியபோது

2007-லும் ஹெஸ்டர் ஆறு டச்டவுன் போட்டார். நவம்பரில் டென்வர் பிராங்கோஸ் ஆட்டத்தில் மட்டும் ஒரு பன்ட், ஒரு கிக்காஃப் என இரண்டு. பேர்ஸ் நிர்வாகம் செய்த யோசனை புரிந்துகொள்ளக்கூடியது. இப்படிப்பட்ட ஆள் ஓர் ஆட்டத்தில் ஐந்தாறு முறைதான் பந்தைத் தொடுகிறார். அதிலும் பாதி எதிரணியின் தயவு. இவரை வீசும் பந்தைப் பிடிக்கும் ரிசீவராக்கினால், பத்து முறை நாமே பந்தைக் கொடுக்கலாமே! தடுப்புப் பிரிவுக் கார்னர்பேக்காக எடுத்தவரை 2007-ல் ரிசீவராக மாற்றினார்கள். 2008-ல் பெரிய ஒப்பந்தம் தந்தார்கள்.

2008-ல் 665 யார்டு பிடித்தார். 2009-ல் 757. மோசமில்லை, அவ்வளவுதான். அந்த இரண்டு பருவத்திலும் உதையைத் திருப்பிப் போட்ட டச்டவுன் ஒன்றுகூட இல்லை. 2008-ல் கிக்காஃப் வேலை பெரும்பாலும் டேனியல் மேனிங்குக்குப் போய்விட்டது. இரண்டு ஆண்டுகளில் பன்னிரண்டு என்ற கணக்கு அடுத்த இரண்டு ஆண்டுகளில் பூஜ்யம்.

ஏன் அப்படி? என் கணிப்பைச் சொல்கிறேன். ரிசீவர் வேலை அளவெடுத்துத் தைக்கிற வேலை. பன்னிரண்டு யார்டு ஓடு, சரியாக இந்த அடியில் திரும்பு, குவார்ட்டர்பேக்கின் கை அசைவோடு உன் தோள் திரும்பட்டும் என்று வருடக்கணக்கில் பழக வேண்டும். ரிட்டர்னரின் திறமை இதற்கு நேர்மாறு. எங்கே திரும்புவது என்று அவருக்கே முன்கூட்டித் தெரியாது. கூட்டம் கலைகிற விதத்தைப் பார்த்துக் கால் முடிவெடுக்கும். அந்தக் காலை மாதக்கணக்கில் கட்டளைக்குப் பழக்கினால் பழைய சுதந்திரம் கொஞ்சம் மழுங்கும். அதோடு உடம்பின் களைப்பும் சேர்கிறது. முப்பது முறை வேகமாக ஓடிவிட்டு வந்து பன்ட்டுக்கு நிற்பவர், பெஞ்சில் உட்கார்ந்து காலைச் சூடாக வைத்திருந்து வருபவரின் வேகத்தோடு கிளம்ப முடியாது.

2010-ல் ஹெஸ்டரின் பிடித்த யார்டு 475 ஆகக் குறைந்தது. பன்ட்டில் சராசரி 17.1 யார்டு, மூன்று டச்டவுன். அவற்றில் ஒன்று பேக்கர்ஸுக்கு எதிராக. அந்த ஆட்டத்தை பேர்ஸ் வென்றது மூன்றே புள்ளி வித்தியாசத்தில், 20-17. பிறவித் திறமை திரும்பி வந்துவிட்டது.

ரிட்டர்னரைத் தாக்குதலில் சேர்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எப்படிச் சேர்ப்பது என்பதற்கு கார்டரெல் பேட்டர்சன் நல்ல உதாரணம். கிக்காஃபில் ஒன்பது டச்டவுன் போட்ட சாதனையாளர். 2013-ல் மினசோட்டா வைக்கிங்ஸுக்காக 109 யார்டு ஓடியவர்; எண்ட் ஸோனின் பின்கோட்டருகிலிருந்து தொடங்கினால்தான் அது முடியும். அவரையும் ரிசீவராக்கப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. 2018-ல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸில் ஓட்டக்காரர்கள் காயப்பட்டபோது அவரை ரன்னிங் பேக் இடத்தில் நிறுத்தினார்கள். 2021-ல் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அதையே முழுநேர வேலையாக்கியது. முப்பது வயதில் 618 யார்டு ஓடி, 548 யார்டு பிடித்து, 11 டச்டவுன் போட்டார். ரன்னிங் பேக்குக்குப் பந்து கையில் கிடைக்கிறது, கண்ணெதிரே கூட்டம், எங்கேயோ ஒரு சந்து. கிக்காஃபில் அவர் பார்த்துப் பழகிய காட்சி அதுவேதான்.

பெர்சி ஹார்வின் கதையும் இதை ஒட்டியது. 2013-ல் பெரும் விலை கொடுத்து சியாட்டில் சீஹாக்ஸ் அவரை வாங்கியது. காயத்தால் முறையான பருவத்தில் ஒரே ஓர் ஆட்டம்தான் ஆடினார். 2014 பிப்ரவரியில் சூப்பர் பவுல். முதல் பாதியில் பக்கவாட்டில் ஓடிவந்து பந்தைக் கையில் வாங்கும் ஜெட் ஸ்வீப் ஆட்டம் இரண்டு முறை, 45 யார்டு. இடைவேளை முடிந்ததும் டென்வர் அவருக்குப் பயந்து குட்டையாக உதைத்தது. எகிறி வந்த பந்தைப் பிடித்தார், 87 யார்டு, 12 விநாடி. 43-8 என்று முடிந்தது ஆட்டம். ஆளை மாற்றாமல், அவருக்கு இயல்பான மூன்று தருணங்களை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். அது போதுமாக இருந்தது.

பந்து இல்லாதவனின் ஓட்டம்

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய ஆட்டம் ஒன்று உண்டு. புள்ளிப் பட்டியலில் அதற்குத் தடயமே இல்லை.

2011 செப்டம்பர் 25, சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்ட். பேக்கர்ஸ் 27-17 என்று முன்னிலை. கடைசி நிமிடங்கள். டிம் மாஸ்தே பன்ட் செய்கிறார். ஹெஸ்டர் அண்ணாந்து பார்த்தபடி ஒரு பக்கமாக ஓடுகிறார், கையை விரிக்கிறார், பந்து இறங்கும் இடத்தில் நிற்கிறார். அவருக்கு முன்னால் தடுப்பாளர்கள் சுவர்போலக் கூடுகிறார்கள். பேக்கர்ஸ் ஆட்கள் அத்தனை பேரும் அவரை நோக்கிப் பாய்கிறார்கள். தொலைக்காட்சிக் கேமராவும் அவரையே பார்க்கிறது.

பந்து அங்கே இல்லை. மைதானத்தின் மறுபக்கத்தில் ஜானி நாக்ஸ் அதைத் தோளுக்கு மேலே பிடித்து, ஆளே இல்லாத பாதையில் ஓடிக்கொண்டிருந்தார். 89 யார்டு. டச்டவுன்!

தொலைவில் ஒரு மஞ்சள் கொடி விழுந்தது. கோரி கிரஹாம் ஒருவரைப் பிடித்து நிறுத்தினார் என்று நடுவர் அறிவித்தார். டச்டவுன் ரத்து. 27-17 என்றே ஆட்டம் முடிந்தது.

உதைப்பிரிவுக்கு அப்போது பொறுப்பாக இருந்தவர் டேவ் டூப். ஐந்து ஆண்டுகளாக எதிரணிகள் சேர்த்துவைத்த பயத்தை ஒரே ஆட்டத்தில் அவர் செலவழித்த அழகு எனக்கு இன்றும் வியப்பு. பன்ட் உதைக்கப்பட்டதும் ஓடி வருகிறவர்கள் பந்தைப் பார்ப்பதில்லை, ரிட்டர்னரின் கண்ணையும் காலையும்தான் பார்க்கிறார்கள். அந்தப் பழக்கத்தையே பொறியாக்கினார் டூப். வேறு யார் நடித்திருந்தாலும் பதினொரு பேரும் ஒருசேர நம்பியிருக்கமாட்டார்கள். ஹெஸ்டர் என்பதால் நம்பினார்கள்.

கொடி விழுந்தாலும் யோசனை வீணாகவில்லை. 2014 அக்டோபரில் ராம்ஸ் அணி இதே பொறியைச் சீஹாக்ஸுக்கு வைத்தது. வேகத்துக்குப் பேர்போன டவான் ஆஸ்டின் ஒரு பக்கம் நடித்தார், மறுபக்கம் ஸ்டெட்மன் பெய்லி பிடித்து 90 யார்டு ஓடினார். இந்த முறை கொடி விழவில்லை. ராம்ஸ் 28-26 என்று வென்றது. அந்த ஆட்டத்தை வகுத்தவர் ஜான் ஃபாஸல்.

ஃபாஸல் என்றதும் அவருடைய தந்தை ஜிம் ஃபாஸலும் நினைவுக்கு வருகிறார். 1998 ஆகஸ்டில் அவர் ஜயன்ட்ஸ் கோச். பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டம் ஒன்றில், அணியின் மிகச் சிறந்த கார்னர்பேக் ஜேசன் சீஹார்னைக் கிக்காஃப் பிடிக்க நிறுத்தினார். முதல் உதையிலேயே சீஹார்னின் முழங்கால் தசைநார்கள் அறுந்தன. அந்தப் பருவம் முழுதும் அவர் ஆடவில்லை. வேறு இடத்தில் ஈடு இல்லாத ஒருவரை இந்த வேலைக்கு அனுப்புவதற்கு முன் எந்தக் கோச்சும் நினைத்துப் பார்க்க வேண்டிய ஆட்டம் அது. ரிட்டர்னர் என்பது ஓய்வு நேர வேலை அல்ல, அதற்கென்று ஒருவரை வைத்துக்கொள்வதே விவேகம்.

வைத்துக்கொண்டவர் காயப்பட்டால்? 2012 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அதுதான் நடந்தது. ஒஹையோ ஸ்டேட்டில் நாம் பார்த்த அதே டெட் கின்தான் அப்போது 49-அர்ஸ் அணியின் ரிட்டர்னர். முழங்கால் காயம். சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டத்தில் அவருக்குப் பதில் கைல் வில்லியம்ஸ் நின்றார். எகிறி வந்த ஒரு பன்ட் அவருடைய முழங்காலை உரசியது, ஜயன்ட்ஸ் அதை எடுத்து டச்டவுன் ஆக்கியது. கூடுதல் நேரத்தில் இன்னொரு பன்ட்டைப் பிடித்து ஓடும்போது பந்து தட்டிவிடப்பட்டது. 20-17 தோல்வி. அந்த இளைஞருக்குக் கொலை மிரட்டல்கள்கூட வந்தன. இதை நினைக்கும்போதெல்லாம் வேதனையாக இருக்கிறது. ஒரு மனிதனை அறுபதாயிரம் பேருக்கு நடுவே தனியாக, வானத்தைப் பார்த்து நிற்க வைக்கிற வேலை இது. மாற்று ஆளுக்கும் அதே அளவு பயிற்சியும் அதே அளவு பரிவும் கொடுக்க வேண்டும்.

அருகில் யார்?

2013-ல் பேர்ஸ் அணி ஹெஸ்டரை மறுபடி முழுநேர ரிட்டர்னர் ஆக்கியது. செப்டம்பரில் மினசோட்டாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் கிக்காஃபில் 249 யார்டு, அணியின் சாதனை. 2014 செப்டம்பர் 18-ல், ஃபால்கன்ஸ் சீருடையில், டாம்பா பேவுக்கு எதிராக 62 யார்டு பன்ட் ரிட்டர்ன். அவருடைய இருபதாவது ரிட்டர்ன் டச்டவுன். எதிரணி வீசிய பந்தைப் பறித்து ஓடும் இன்டர்செப்ஷன்களையும் சேர்த்து டியான் சாண்டர்ஸ் வைத்திருந்த பத்தொன்பதை அது தாண்டியது. ஓட்டத்தின் முடிவில், தன் குருவாக நினைத்த சாண்டர்ஸைப் போலவே காலை உயர்த்தி உயர்த்தி வைத்து ஓடினார். 2024 ஆகஸ்டில் கேன்டனில் உள்ள புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது. உதையைத் திருப்புவதையே முதன்மை வேலையாகக் கொண்ட ஒருவருக்கு அங்கே இடம் கிடைத்தது அதுவே முதல் தடவை. மூன்றாவது முறை இறுதிப் பட்டியலில் வந்த பிறகுதான் கதவு திறந்தது.

கதவு திறந்த அதே ஆண்டில் கிக்காஃபும் உயிர்பெற்றது. காயங்களைக் குறைக்க 2011-ல் உதைக்கும் இடத்தை ஐந்து யார்டு முன்னே நகர்த்தியிருந்தார்கள். பந்துகள் எண்ட் ஸோனைத் தாண்டிப் பறந்தன. மேலும் மேலும் விதிகள் இறுகி, 2023-ல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு கிக்காஃப்தான் திருப்பப்பட்டது. ரிட்டர்னர் என்கிற இனமே அழிந்துவிடும்போல இருந்தது. 2024-ல் விதியைத் தலைகீழாகப் புரட்டினார்கள். இப்போது உதைப்பவர் மட்டும் தொலைவில் நிற்பார். அவருடைய ஆட்கள் பத்துப் பேரும் எதிராளியின் 40-வது யார்டில், தடுப்பாளர்களுக்கு ஐந்து யார்டு தள்ளி முகத்துக்கு முகம் நிற்பார்கள். பந்து தரையையோ ரிட்டர்னரையோ தொடும்வரை இவர்களில் யாரும் அசையக்கூடாது. முழு வேகத்தில் நாற்பது யார்டு ஓடி வந்து மோதும் கொடுமை போய்விட்டது. எண்ட் ஸோனுக்குள் உதைத்தால் எதிரணிக்கு 30-வது யார்டில் பந்து. 2025 முதல் 35-வது யார்டில். அந்த ஐந்து யார்டு, உதைப்பவர்களைத் திருப்பும்படியான உதைக்குத் தள்ளியிருக்கிறது.

டல்லஸ் கௌபாய்ஸின் கவான்டே டர்பின் இந்தப் புதிய காலத்தின் ஆள். பெரிய லீகில் இடம் கிடைக்காமல் சின்ன லீக்கான யு.எஸ்.எஃப்.எல்.லில் ஆடி, 2022-ல் அங்கே சிறந்த வீரர் விருது வாங்கி, அதே ஆண்டு டல்லஸுக்கு வந்தவர். 2024 நவம்பரில் வாஷிங்டனுக்கு எதிராக ஒரு கிக்காஃபை முதலில் கைநழுவ விட்டு, எடுத்து, தன்னைச் சுற்றியே ஒரு சுழல் சுழன்று 99 யார்டு ஓடினார். அப்போது அவருடைய உதைப்பிரிவுக் கோச்சாக இருந்தவர் யார் தெரியுமா? பெய்லியை ஓடவிட்ட அதே ஜான் ஃபாஸல்.

புதிய விதியில் பந்து இறங்க வேண்டிய பரப்பு, எண்ட் ஸோன் கோட்டிலிருந்து 20-வது யார்டு வரை. அதில் இரண்டு பேர் நிற்கலாம். ஒருவர் டர்பினைப் போன்றவர். உதைப்பவர் அவரைப் பார்ப்பார், பிறகு கண்ணை நகர்த்தி மற்றவரைப் பார்ப்பார். 2007-ல் மழையில் கேப் ரீடிடம் போன பந்து இனி அந்த இரண்டாவது ஆளிடம்தான் போகும். அடுத்த பருவம் தொடங்கும்போது ஒவ்வொரு அணியிலும் அந்த இடத்தில் யாரை நிறுத்தியிருக்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்க்கப்போகிறேன்.